வேட்பாளருடன் கூடச் சென்றவன் எழுதும் மதிப்பீடு: வெள்ளவத்தையில் ஒரு மதுப்பழக்க ஆலோசனை நிலையம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் இயங்கும் தனியார் மதுப்பழக்க ஆலோசனை நிலையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கு நான் அழைத்துச் சென்றவர் 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் கொழும்பு மாநகர சபைக்குப் போட்டியிட்ட வேட்பாளர். நான் அவருடைய பிரசாரப் பொறுப்பாளன். நிலையத்தின் பெயர் தெரிந்தால், எங்கள் இருவரையும் அந்தப் படிக்கட்டில் பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாமாகவே நிரப்பிக்கொள்வார்கள். அவர் வென்றாரா தோற்றாரா என்பதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். இதை எழுதுவதற்கு அவருடைய அனுமதி உண்டு. வாசித்துப் பார்த்துவிட்டு ஒரேயொரு இடத்தில் மட்டும் மறுப்புத் தெரிவித்தார். அது தேநீரைப் பற்றியது. உரிய இடத்தில் சொல்கிறேன்.

இத்தகைய நிலையங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் குடியை விட்டவர்களாகவோ அவர்களுடைய மனைவி பிள்ளைகளாகவோ இருப்பார்கள். அரசியலில் கூட நிற்பவன் எழுதுவது குறைவு. ஆனால் வேட்புமனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து வாக்கெண்ணும் இரவு வரை ஒரு வேட்பாளர் வீட்டாருடன் கழிக்கும் நேரத்தைவிடப் பிரசாரக் குழுவுடன் கழிக்கும் நேரமே அதிகம். அவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், பேச்சில் எந்த இடத்தில் தடுமாறுகிறார், கூட்டம் முடிந்தபின் யாருடைய வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் மனைவிக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நோயாளியும் அல்லாத, உறவினனும் அல்லாத, ஆனால் எல்லாவற்றையும் கண்ணால் கண்டுகொண்டிருக்கிற ஒருவனை இந்த நிலையம் எப்படி நடத்துகிறது என்பதையே நான் முதன்மையாகப் பார்த்தேன். அந்த வகையில் இது நம்பிப் போகக்கூடிய இடம். குறைகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று சிறியதல்ல.

தேர்தல் காலத்து மதுவைப் பற்றிச் சட்டம் சொல்வது தெளிவானது. வாக்காளருக்கு உணவோ மதுவோ கொடுத்து ஆதரவு தேடுவது குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி மதுபானத்துக்கு விளம்பரம் செய்யவும் முடியாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. ஆனால் வேட்பாளரும் அவருடைய ஆட்களும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மாடி வீட்டு அறையொன்றில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதை எந்தச் சட்டமும் தொடுவதில்லை. பொக்கெற் மீற்றிங் எனப்படும் சிறு தெருக் கூட்டம் முடியும். எல்லோரும் வானில் ஏறுவோம். யாரோ ஓர் ஆதரவாளரின் வீட்டில் சாராயப் போத்தலும் சோடாவும் டெவில் பண்ணிய இறைச்சியும் காத்திருக்கும். அங்கே உட்காராத வேட்பாளருக்குத் தலைக்கனம் என்று பெயர் வரும். உட்காருகிற வேட்பாளருக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொருவர் ஊற்றிக் கொடுப்பார்கள். எங்கள் தம்பி (வேட்பாளரை நான் அப்படித்தான் அழைப்பேன்) விழுந்து புரளுகிறவர் அல்லர். அதுதான் சிக்கலாக இருந்தது. விழுந்திருந்தால் வீட்டார் அன்றைக்கே தடுத்திருப்பார்கள். அவர் நேராக நிற்பார், நன்றாகவே பேசுவார். ஆனால் பத்து நிமிடங்களுக்கு முன் சொன்ன வாக்குறுதியை மறுபடியும் புதிதுபோலச் சொல்வார். காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய வீடு வீடான சந்திப்பு பத்து மணிக்குத் தொடங்கும்; ஏன் என்று கேட்பவர்களுக்குக் குழுவில் யாராவது "சேருக்குக் காய்ச்சல்" என்று சொல்வார்கள். அந்தப் பிரசாரக் காலத்தில் அவருக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட காய்ச்சல்களுக்கு டெங்கு ஒழிப்புப் பிரிவே வீடு தேடி வந்திருக்க வேண்டும்.

நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, அவரை எப்போது கூட்டிவரலாம் என்றுதான் கேட்டேன். மறுமுனையில் பேசிய பெண்மணி, அவர் வரச் சம்மதித்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்படியென்றால் முதல் நீங்கள் தனியா வாங்கோ ஐயா" என்றார். ஆளைக் கொண்டுவந்து விடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பேசும் இடங்களும் இந்த நகரத்தில் இருக்கின்றன. அத்தகைய இடமொன்றுடன் ஏற்கெனவே கதைத்துவிட்டு மனம் ஒப்பாமல் விட்டிருந்த எனக்கு இந்தப் பதில் ஆறுதலாக இருந்தது. தனியாகப் போன அந்த அமர்வுக்கும் முழுக் கட்டணமே வாங்கினார்கள். கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

ஆலோசகர் நடுத்தர வயதுடையவர், நிதானமாகக் கதைப்பவர். என் முன் ஒரு வெற்றுத் தாளை வைத்து, வேட்பாளரின் குடியைப் பற்றி நான் கண்ணால் கண்டவற்றை இடம், நாள், நேரத்துடன் எழுதச் சொன்னார். 'குடிகாரன்', 'பொறுப்பில்லாதவர்', 'திருந்தமாட்டார்' போன்ற எந்தச் சொல்லும் வரக்கூடாது என்பது நிபந்தனை. தாள் நிறைய எழுதினேன். அவர் பென்சிலை எடுத்து, இது பிறர் சொல்லக் கேட்டது, இது ஊகம், இது உங்கள் கோபம் என்று ஒவ்வொன்றாகக் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். கடைசியில் மிஞ்சியவை சில வரிகளே. அவற்றில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் நடந்த சிறு கூட்டமொன்றில் அவர் குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கியபோது, முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டது. அந்த வரிக்குக் கீழே மட்டும் அவர் இரட்டைக் கோடு போட்டார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "நீங்கள் பயப்படுவது அவருக்காகவா, ஆசனத்துக்காகவா?" இரண்டுக்கும்தான் என்றேன். அப்படியானால் இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை ஒளித்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், அரசியல்வாதிகளுக்கு அதுதானே தொழில் என்றார். குடித்திருக்கும்போது கதைக்கக் கூடாது, காலையில் கதைக்க வேண்டும், மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது, செய்யப் போகாத எதையும் மிரட்டலாகச் சொல்லக் கூடாது என்பவை அவர் தந்த மற்ற அறிவுரைகள். குடிப்பவருடன் வாதாடி வெல்ல முயலாமல், மாற வேண்டியதன் காரணம் அவர் வாயிலிருந்தே வரும்படி கேட்கும் முறையொன்றை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் விவரித்திருந்தார். இந்த நிலையத்தின் அணுகுமுறைக்கு அதுவே அடிப்படை. கூட வருபவருக்கும் அதில் கொஞ்சம் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதே இவர்களுடைய சேவையில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

கோடு கிழிக்கப்பட்ட அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது எனக்கு ஜோன் ரோலின்ஸின் நினைவு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரல் யுலிசிஸ் கிராண்டின் கீழ் பணிக்குழுத் தலைவராக இருந்தவர் அவர், தொழிலால் வழக்கறிஞர், தந்தையின் குடியால் சிறு வயதிலேயே துன்பப்பட்டவர். விக்ஸ்பேர்க் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, 1863 ஜூன் 6ஆம் திகதி அதிகாலை ஒரு மணிக்கு, அவர் தம் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கூடாரத்துக்கு முன்னால் வைன் பெட்டியைக் கண்டதையும், குடிப்பவர்களும் குடிக்கத் தூண்டுபவர்களும் சூழத் தளபதி இருந்ததையும், முன்பு அவர் கொடுத்த வாக்கையும் அதில் குறிப்பிட்டார். என் சந்தேகம் தவறு என்றால் நட்பையும் நாட்டின் மீதுள்ள அக்கறையையும் கருதிப் பொறுத்துக்கொள்ளுங்கள். சரி என்றால், ஒரு துளியும் தொடாமல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் என்னை உடனடியாகப் பணியிலிருந்து விடுவியுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 4ஆம் திகதி விக்ஸ்பேர்க் சரணடைந்தது. கிராண்ட் ரோலின்ஸை விலக்கவில்லை. 1868இல் ஜனாதிபதியாகத் தெரிவானபின், 1869இல் அவரையே போர்த்துறைச் செயலாளராக நியமித்தார். கிராண்ட் உண்மையில் எவ்வளவு குடித்தார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. கடிதம் எழுதப்பட்டதில் வாதமில்லை. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ரோலின்ஸ் சொன்ன தண்டனை தம்மால் நிறைவேற்றக்கூடிய தண்டனை. அது தம் பதவியைத் தாமே விடுவது மட்டும்.

இதற்கு மாறான கதையும் உண்டு. பிரித்தானிய லிபரல் டெமோகிரட் கட்சியை 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் 62 ஆசனங்களுக்குக் கொண்டு சென்ற சார்ள்ஸ் கென்னடியின் குடிப்பழக்கத்தை, அவரைச் சூழ இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே மறுத்துக்கொண்டிருந்தார்கள். 2006 ஜனவரி 5ஆம் திகதி அவரே அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இரண்டு நாளில் தலைமையை விட்டார். 2015 ஜூன் மாதத்தில், 55 வயதில் இறந்தார். 'சேருக்குக் காய்ச்சல்' என்பதன் பெரிய பதிப்பு அது.

தம்பியுடன் கதைத்த இடம் பம்பலப்பிட்டியில் ஒரு சைவக் கடை. காலை வேளை, அவருக்கு முன்னால் உழுந்து வடையும் கோப்பியும். நான் தாளை எடுக்கவில்லை, மனப்பாடமாகத்தான் சொன்னேன்.

"தம்பி, கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில நீங்கள் பிள்ளையைத் தூக்கேக்க முன்னுக்கு இருந்த ரெண்டு பொம்பிளைகள் மூக்கைப் பொத்தினவை. நான் பார்த்தனான்."

"அண்ணை, நீங்களும் தொடங்கிட்டீங்களோ?"

"உங்களுக்கு வாக்குக் கேட்டு நான் இன்றைக்கும் போவன், நாளைக்கும் போவன். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் என்று இனி யாருக்கும் சொல்லமாட்டன். மற்றவை சொன்னாலும் ஓமெண்டு தலையாட்டமாட்டன்."

அவர் வடையைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. நெடுநேரம் கழித்து, அந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். யார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டது நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை. எல்லோருக்கும் இவ்வளவு எளிதில் அமையும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆலோசகரே பலருக்கு மாதங்கள் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

நிலையம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. காத்திருக்கும் பகுதி ஒடுக்கமானது. சில பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மின்விசிறி, ஒரு சிறிய மேசை. நாங்கள் போன அன்று அந்த மேசையில் பழைய பத்திரிகைகளுக்கு நடுவே தம்பியின் படம் போட்ட துண்டுப்பிரசுரமே கிடந்தது. எங்கள் பையன்கள்தான் ஒழுங்கை ஒழுங்கையாகப் பங்கிட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆலோசகர் அறையிலிருந்து வெளியே வந்து, எதுவும் சொல்லாமல் அதை எடுத்து மடித்துத் தம் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே வரச் சொன்னார். அந்த நாகரிகத்துக்கு முழுப் புள்ளிகளையும் கொடுப்பேன். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் வரவேற்பு மேசையிலிருந்த பிள்ளை அவருடைய முழுப் பெயரையும், கீழ் மாடிக்கும் கேட்கும்படி, உரக்கக் கூப்பிட்டிருந்தது. நான் மேலே சொன்ன சிறியதல்லாத குறை இதுதான். மதுப்பழக்கத்துக்கு ஆலோசனை தேடி வருபவருக்கு இரகசியம் காக்கப்படும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, பெயரைக் கூவி அழைப்பது பொருந்தாது. இலக்கம் கொடுத்து அழைக்கலாம் என்று எழுத்தில் கொடுத்தேன். அடுத்த தடவையிலிருந்து அப்படியே செய்தார்கள். சுவர்களில் ஒன்று மெல்லிய பலகைத் தடுப்பு என்பதால் பக்கத்து அறையின் பேச்சு இன்னும் கேட்கத்தான் செய்கிறது.

காத்திருப்பவர்களுக்குப் பிளேன்ரீ தருகிறார்கள். அது வெந்நீருக்குச் சற்று மேலான ஒரு பானம் என்பது என் முடிவு. தம்பி இந்த இடத்தில்தான் மறுக்கிறார். நல்ல தேநீர் என்கிறார். அவர் அன்றைக்கு எதைக் குடித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் அமர்வில் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நிரப்பச் செய்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கூடியது 4 புள்ளிகள், மொத்தம் 40. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்தான குடி என்று கொள்வார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா, முதல் நாள் நடந்தது மறந்துபோகிறதா என்று கேள்விகள் ஏறிக்கொண்டே போகும். பத்தாவது கேள்வி, உறவினரோ நண்பரோ வைத்தியரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டுக் குறைக்கும்படி சொல்லியிருக்கிறார்களா என்பது. கடந்த ஓராண்டுக்குள் சொல்லியிருந்தால் முழு 4 புள்ளிகள். தம்பி அந்தக் கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டு, "அண்ணை, உங்களாலதான் எனக்கு நாலு கூடிப் போச்சு" என்றார். சைவக் கடையில் கதைத்ததற்கு அந்தப் படிவத்தில் ஓர் இடம் இருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. கூட இருப்பவர் வாய் திறந்து சொல்லியிருக்கிறாரா என்பதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் சொல்லாமல் இருந்தால் அந்த 4 புள்ளிகள் விடுபட்டுப்போய், ஆள் உண்மையில் இருப்பதைவிட நலமாக இருப்பதுபோலத் தாளில் தெரிவார்.

அடுத்ததாகப் போத்தல் கணக்கு. 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தல், 33.5 சதவீத மதுசாரம். பெருக்கிப் பார்த்தால் தூய மதுசாரம் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். நிறையில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 10 கிராமை ஓர் அலகு என்று கொண்டால் ஒரு போத்தலில் கிட்டத்தட்ட 20 அலகுகள். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஏறத்தாழ 5. "இரவைக்குக் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த தம்பி, தாமே பென்சிலை வாங்கிக் கணக்குப் போட்டார். வரவு செலவுத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் ஓட்டை பிடிக்கிறவர் அவர். புத்திமதியைவிட எண்கள் அவரிடம் நன்றாக வேலை செய்யும் என்று ஆலோசகர் எப்படியோ அறிந்திருந்தார்.

ஒரு விடயத்தில் இந்த நிலையம் காட்டும் கவனத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றிரவே முற்றாக நிறுத்துகிறேன் என்று தம்பி வீரமாகச் சொன்னபோது, ஆலோசகர் மகிழ்ச்சியடையவில்லை. முதலில் வைத்தியரைப் பாருங்கள் என்றார். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நிலை வரலாம், அது உயிருக்கே ஆபத்தானது. நேர்த்திக்கடன் வைத்து, கோவிலில் சத்தியம் செய்து, ஒரே நாளில் நிறுத்துவதைப் பெருமையாகப் பேசும் நம் வழக்கத்தில் இந்த எச்சரிக்கை அடிபட்டுப் போகிறது. வைத்தியர் பரிசோதித்துத் தயமின் எனப்படும் விற்றமின் பி1உம் வேறு மருந்துகளும் எழுதிக் கொடுத்தார். எவை என்பது தம்பியின் சொந்த விடயம். நிலையத்தில் வைத்தியர் இல்லை. வெளியே ஒருவருடன் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அதற்கான கட்டணம் தனி என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கூட வந்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் எரிச்சல் தந்ததும் பிறகு மதிப்பைத் தந்ததும் ஒன்றே. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று ஆலோசகர் எனக்குச் சொல்லவே இல்லை. பிரசார அட்டவணை என் கையில், எந்தக் கூட்டத்தில் அவரை நிறுத்தலாம் என்று தெரிய வேண்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் தம்பியிடமே திரும்பி, "இவருக்கு என்ன சொல்லலாம்?" என்று கேட்டார். இரவுக் கூட்டம் முடிந்தால் வான் நேரே வீட்டுக்குத்தான் போகும். ஊற்றிக் கொடுப்பவர்களுக்கு மறுமொழி சொல்வது தம்பியின் வேலை, என் வேலை அல்ல. காலை ஆறரைக்கு நான் தொலைபேசியில் அழைப்பேன், ஆனால் நேற்றுக் குடித்தீர்களா என்று கேட்கமாட்டேன் என்று மூவரும் இருந்து முடிவுசெய்தோம். காவல்காரனாக மாறினால் அரசியலிலும் அவருக்கு நீங்கள் பயன்படமாட்டீர்கள் என்று ஆலோசகர் எனக்குச் சொன்னதை இன்னோர் அறிவுரையாக எழுதிவைத்திருக்கிறேன்.

அரசியல் தொழிலின் நேரங்களை இந்த நிலையம் அறியாது. மாலை ஏழு மணியுடன் கதவு மூடிவிடும். எங்களுக்கு ஆபத்தான நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதைவிட, வாக்களிப்புக்கு முந்திய அமைதிக் காலத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. மே 3ஆம் திகதி நள்ளிரவுடன் பிரசாரம் நின்றுவிட்டது. அதன் பிறகு 48 மணித்தியாலம் வேட்பாளருக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாரக்கணக்காக ஓடிய மனிதர் திடீரெனச் சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்து போகிறவர்கள் எல்லோரும் ஏதோவொன்றைக் கையில் கொண்டுவருவார்கள். அந்த இரண்டு நாளுக்கும் முன்கூட்டியே ஒரு திட்டம் போட்டுத் தந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டபிறகு வட்ஸ்அப்பில் பதில் தந்தார்கள். நல்ல பதில்தான், ஆனால் கேட்ட பிறகு. கடைசியில் அவருடைய மனைவியே கைபேசியை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு, "அண்ணா, நீங்களும் இரண்டு நாளைக்கு வராதீங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டார். போகவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசகர் தமிழர், ஆனால் முதலில் கொடுத்த சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ்ப் படிவம் ஒன்று இருப்பதாகச் சொல்லித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வாசித்தால் பொருள் பிடிபடவில்லை. கடைசியில் ஆலோசகரே ஒவ்வொரு வரியையும் வாயால் விளக்கினார். வெள்ளவத்தையில் தமிழர்களை நம்பி நடத்தும் இடத்துக்கு இது அழகல்ல. எங்கள் வேட்பாளருக்கு மூன்று மொழியும் வரும். ஜிந்துப்பிட்டியிலிருந்தோ கிராண்ட்பாஸிலிருந்தோ மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமை வேலைக்காரர் வந்தால் எதற்குக் கையெழுத்து வைக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கட்டணம், தனியார் வைத்தியசாலையில் ஒரு விசேட நிபுணரைச் சனல் செய்வதற்கு ஆகும் செலவைவிடச் சற்றுக் குறைவு. தொடர்ந்து போக வேண்டியிருப்பதால் மாத முடிவில் பாரம் தெரியும். வசதி இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். தலங்கமையில் அச்சபையின் சிகிச்சை நிலையமும் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் உண்டு. பணம் கொடுத்தால் மட்டுமே நல்ல ஆலோசனை கிடைக்கும் என்ற எண்ணத்தை இந்த மதிப்பீடு உண்டாக்கிவிடக் கூடாது.

தம்பியின் இன்றைய நிலையைப் பற்றி அவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். வாக்கெண்ணும் இரவில் அவர் கையில் சோடாப் போத்தல் இருந்தது. அதற்குப் பின் ஒரு திருமண வீட்டில் சறுக்கியது. மறுநாள் காலை ஆறரைக்கு அவரே எனக்கு அழைத்துச் சொன்னார், நிலையத்துக்கும் அழைத்துச் சொன்னார். அங்கே குறை சொல்லவில்லை, அடுத்த அமர்வை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த தடவை அவர் எந்தச் சபைக்கு நின்றாலும் நான் வாக்குக் கேட்டுப் போவேன். காலை அழைப்பும் தொடர்கிறது.

இத்தகைய நிலையமொன்றைத் தேடுகிற அரசியல் நண்பர்களுக்கு: போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் வாசித்துக் கையெழுத்திடக்கூடிய படிவம் இருக்கிறதா, குடியை நிறுத்தும் நாட்களில் பார்ப்பதற்கு வைத்தியர் ஒருவருடன் ஒழுங்கு இருக்கிறதா, ஆள் வரச் சம்மதிக்கும் முன்பே கூட இருப்பவர் தனியாக வந்து கதைக்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால் முற்பணம் கட்டாமல் வேறிடம் பாருங்கள்.